கேமராவுக்குக் கை காட்டியவன்

தோட்டத்தில் கேமரா வைக்க நினைக்கிறவர்கள் முதலில் சிலந்தியைப் பற்றி யோசிக்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். இருட்டிலும் படம் தெரிவதற்காகக் கேமராவின் முகத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டுக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் பின்னால் சிலந்தி வந்து கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டும். டிவியில் பார்த்தால் ஒரு நூல் வடக்கயிறு மாதிரி இருக்கும். காற்றடித்தால் யாரோ குறுக்கே நடந்து போவதுபோலத் தோன்றும். வேப்பெண்ணெய் தொட்ட துணியால் சுற்றிலும் துடைத்துவிட்டால் கொஞ்ச நாளைக்கு வராது. உங்கள் ஸ்டேஷன் வாசல் கேமராவிலும் வலை இருக்கிறது சார். உள்ளே கூட்டிவரும்போது பார்த்தேன்.

என் பேர் சத்தியநேசன். திற்பரப்பிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், ஓடைக்கரையோரம் எனக்கு ஒரு விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. கீழே வாழை, பின்னால் ரப்பர், நடுவில் ஆட்டுக்கூடும் பம்பு அறையும். வீடு மேட்டில். நெடுங்காலம் சவூதியில் இருந்துவிட்டு இரண்டாயிரத்துப் பத்தில் ஊருக்கு வந்தேன். அங்கே தம்மாமில் ஒரு பெரிய குடோனில் வேலை. என்ன வேலை என்றால், ஒரு அறையில் உட்கார்ந்து கேமராப் படங்களைப் பார்ப்பது. யார் எதை எடுக்கிறார்கள், யார் எதை ஒளிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஏசி உண்டு. கஷ்டமான வேலை என்று சொல்லமுடியாது.

நான் அங்கே இருந்த காலமெல்லாம் விளையைப் பார்த்துக்கொண்டவன் ரசலையன். என்னைவிடக் கொஞ்சம் இளையவன். ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் வீடு. அவனும் பெண்சாதி ராஜபாயும்தான், பிள்ளைகள் கிடையாது. என் மனைவி ரீத்தா அவனை அண்ணன் என்பாள். மகள் பெபிஷா மாமா என்பாள். அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள் அவள். நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் என்னை ஒரு விருந்தாளியைக் கவனிப்பதுபோலக் கவனித்தார்கள். அலமாரியிலிருந்து நல்ல தட்டை எடுத்துக் கழுவிச் சோறு போட்டார்கள். ரசலையன் வந்தால் அடுக்களை வாசலில் நின்று அவனே தண்ணீர் மோந்து குடிப்பான். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

வந்து இரண்டு வருஷம் ஆனபோது வாழைக்குலைகள் காணாமல் போகத் தொடங்கின. ஏத்தன் குலை. வெட்டும் பருவத்துக்கு வந்ததாகப் பார்த்து எடுத்தார்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் வேதக்கோயில் ஆராதனைக்குப் போன நேரத்தில். பக்கத்து விளைக்காரர் தாணுலிங்கத்துக்கும் போயிற்று. அவர் கறுவிக்கொண்டு மட்டும் இருந்தார். எனக்குத் தொழில் தெரியும். வடசேரிக்குப் போய் நாலு கேமராவும் பதிவு செய்கிற பெட்டியும் வாங்கிவந்தேன்.

ஆள் வைத்துச் செய்யவில்லை. எல்லாம் என் கையால் செய்ததுதான். பெயின்ட் வாளியை நெடுக வெட்டிக் கேமராவுக்கு மழைக்கூரை செய்தேன். வயரை பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மரத்துக்கு மரம் கட்டினேன். அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். அதனால் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து தனியாக ஒரு லைன் எடுத்தேன். மரத்தில் ஏறிக் கேமராவைக் கட்டியது ரசலையன்தான். நான் கீழே நின்று இடது, வலது என்று சொன்னேன். பலாமரத்துக்கு எதிரே நின்ற மரத்தில் மூன்றாவது கேமராவைக் கட்டிவிட்டு அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனான்.

"அண்ணா, இதுல நான் தெரிவனா?"

"தெரிவ."

"மேட்டுல வீட்டுல இருந்தே பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"அப்பம் சொகந்தான். இனி ஒவ்வொண்ணுக்கும் ஏறி வந்து கேக்கண்டாம். இங்கின நின்னு காட்டினா போதும்."

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் டிவியைப் போட்டால், பலாமரத்தடியில் வந்து நின்று கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தினான். ஊர்ப்பெரியவரைப் பார்த்தால் காட்டுகிற மரியாதை. பிறகு வேலைக்குப் போனான். அதுமுதல் தினமும் அப்படித்தான். ஒரு குலை வெட்டினால் அதைத் தோளில் தூக்கிவந்து கேமராவுக்குக் காட்டுவான். ஆடு குட்டி போட்டால் குட்டியை ஏந்திக் காட்டுவான். ஒருநாள் மரச்சீனிக்கிழங்கு ஒரு மூடு பிடுங்கியவன், அதைக் காட்டி, தன் வீட்டுப் பக்கம் கையை நீட்டி, தலையை ஆட்டிக் கேட்டான். சத்தம் வராத கேமரா அது. வாய் அசைவது மட்டும் தெரியும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பதில் கிடைத்ததுபோலச் சிரித்துவிட்டுப் போனான்.

ரீத்தாவும் பெபிஷாவும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடோனில் அத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், காரணமில்லாமல் ஒருவனும் கேமராவை நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்கிறவன் எதையோ மறைக்கத்தான் பார்ப்பான். இது என் அனுபவம் சார். நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

நான் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் சாயாவோடு உட்காருவேன். ரீத்தா தாழம்பாயை விரித்து அங்கேயே சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். பதிவானதை மத்தியானத்துக்குப் பிறகு திரும்ப ஓட்டுவேன். ரசலையன் வாழைக்குக் கீழ்க்கன்று நீக்குவது, ரப்பர்ப்பால் எடுப்பது, ஆட்டோடு பேசுவது எல்லாம் பார்த்தேன். என் நாய் நாள் முழுவதும் அவன் காலுக்குப் பின்னாலேயே நடந்தது. பெபிஷா காலேஜ் விட்டு வருகிற வழியில் விளைக்குள் இறங்கி அவனிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும் என்பது அந்த டிவியில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் போலக் குலை ஒன்றும் போகவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் ஓடைப்பக்கத்துக் கேமராவில் ஒரு ஆள் சாக்கோடு போவது தெரிந்தது. முகம் தெளிவில்லை. சாக்கு கனமாக இருந்தது. தாணுலிங்கத்தைக் கூப்பிட்டேன். இரண்டுபேரும் இறங்கிப் போனோம். ஆள் ஓடவில்லை. அதுவே எங்களுக்கு வசதியாகப் போயிற்று. பிடித்துப் பலாமரத்தில் கட்டினோம். அங்கே வேறு மரங்களும் இருந்தன. பலாமரம் மூன்றாவது கேமராவுக்கு நேராக இருந்ததால் அதைத் தேர்ந்தேன்.

தாணுலிங்கம் ஒரு கமுகுத் தடியால் இரண்டு அடி அடித்துவிட்டு, போதும் என்றார். போலீசுக்குச் சொல்லலாம் என்றார். நான் தடியை வாங்கிக்கொண்டேன். எனக்குக் கோபம் இல்லை. அடிக்கிற ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் அடித்தேன். வலதுகை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்தது. பிறகு முகம். ஒரு கண்ணில் அடி பட்டதும் ஆள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டான். ரசலையன் ஓடிவந்து எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றான். அவன் தோளிலும் ஒரு அடி விழுந்தது. அவன் வெட்டோத்தியால் கயிற்றை அறுத்து ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனான்.

சாயங்காலம் வந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"அண்ணா, அவனுக்க சாக்குல நண்டாக்கும் இருந்தது. ஓடையில பிடிச்ச நண்டு. குலசேகரத்துல கொண்டு விப்பான். அவனுக்க கண்ணு போச்சு. இனி கிட்டாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு."

"என் விளைக்குள்ள என்னத்துக்கு வந்தான்?"

"ஓடைக்குப் போக அதுதான வழி. காலங்காலமா அதுவழிதான போறாங்க. அண்ணனுக்குத் தெரியாது."

அண்ணனுக்குத் தெரியாது. அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னான். நண்டுக்காரனும் புகார் கொடுக்கவில்லை. தாணுலிங்கம் போய் ஏதோ பேசி முடித்தார். நான் அந்தப் பதிவைச் சிலமுறை ஓட்டிப் பார்த்தேன். கோணம் நன்றாக வந்திருந்தது. என் முதுகு கொஞ்சம் மறைத்ததுதான் குறை.

மறுநாள் காலையில் ரசலையன் பலாமரத்தடிக்கு வந்தான். மரத்தில் ரத்தம் உறைந்திருந்த இடத்தில் தண்ணீர் ஊற்றித் தேங்காய்ச் சவுரி நாரால் தேய்த்துக் கழுவினான். கேமராவுக்குக் கை காட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் காட்டவில்லை. குனிந்தபடியே கடந்துபோனான். அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை இன்னொரு குலை போயிற்று. ஓடைக்குப் பக்கத்து மூலையில், எந்தக் கேமராவும் பார்க்காத இடத்தில்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். கேமரா எங்கே பார்க்கும், எங்கே பார்க்காது என்று இரண்டுபேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவன் அதைக் கட்டியவன். ஞாயிறு காலையில் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு விளையில் இருப்பவனும் அவன்தான். அவன் சாயங்கால ஆராதனைக்குத்தான் போவான். இதை ரீத்தாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு நமக்க வீட்டுச் சாவிய இத்தன வருஷம் வச்சிருந்தாரு. திருடணும்னா வாழைக்குலையா எடுப்பாரு?" என்றாள்.

சாவி அவனிடம் இருந்த விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். முதல் சோதனைக்கு நாயை எடுத்துக்கொண்டேன். நாய் செத்தால் திருடனுக்குச் சௌகரியம். அப்போது அவன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டியிருந்தது. வாழைக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்தை மீன்சோற்றில் பிசைந்து ஆட்டுக்கூட்டின் பக்கத்தில் வைத்தேன். நாய் இழுத்துக்கொண்டு கிடந்ததை ரசலையன்தான் கண்டான். மடியில் போட்டு வாயைத் திறந்து எண்ணெய் ஊற்றினான், உப்புத்தண்ணீர் ஊற்றினான். நேரம் எடுத்தது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ரப்பர்ப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது தோளில் கிடந்த துவர்த்தால் கண்ணைத் துடைத்தான். நான் படத்தை நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழுகைதான். எனக்கு அது போதவில்லை.

அடுத்தது ரீத்தாவின் சங்கிலி. அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பம்பு அறைத் திண்டில், கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி வைத்தேன். வீட்டில் அவள் தேடி அழுதுகொண்டிருந்தாள். நான் டிவிக்கு முன்னால் இருந்தேன். ரசலையன் மோட்டார் போட வந்தான். சங்கிலியைக் கண்டான். எடுத்தான். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவன் நாலுபக்கமும் பார்த்தான். பிறகு நேராகக் கேமராவின் முன்னால் வந்து, சங்கிலியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தான். நெடுநாளைக்குப் பிறகு கேமராவைப் பார்த்தான். சிரித்தான்.

மேட்டுக்கு ஏறிவந்து ரீத்தாவிடம் கொடுத்தான். "நல்லவேள, மோட்டாருக்குள்ள விழல்ல" என்றான். ரீத்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் உள்ளே அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் கேலி இல்லை என்று ரீத்தா சொல்வாள். என்னைப் பார்த்து இரக்கப்படுகிற மாதிரி இருந்தது என்று நான் சொல்கிறேன். யார் வைத்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கேலியாக இருந்திருந்தால் பரவாயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரீத்தாவுக்குக் காய்ச்சல். பெபிஷா பாடகர் குழுவில் இருந்ததால் முன்னாலேயே போய்விட்டாள். நான் கோயிலுக்குப் போய் முதல் பாட்டு முடிகிறவரை இருந்தேன். பிறகு எழுந்து விளைக்கு வந்தேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் என் எண்ணம். வேறு எண்ணம் இருந்திருந்தால் வெள்ளை வேட்டியோடு வந்திருக்கமாட்டேன். ரசலையன் பலாமரத்தடியில் ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"அண்ணன் கோயிலுக்குப் போகல்லியா?"

"ரசலையா, ஒத்துக்கிடு."

"என்னத்த அண்ணா?"

"குலை எடுத்தது நீன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் யாருக்கிட்டயும் சொல்லமாட்டேன். நீ இங்கயே நிக்கலாம். சோலி செய்யலாம். எனக்குத் தெரிஞ்சா போதும்."

அவன் வெட்டோத்தியைக் கீழே போட்டான். பக்கத்தில் வந்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னான்.

"அண்ணனுக்குத் தூக்கமில்ல, சோறில்லன்னு ரீத்தா பறஞ்சு அழுகுது. நான் சொன்னா அண்ணன் அந்த டிவியப் பூட்டி வைப்பியளா? அப்பம் சொல்லுகேன். நான்தான் எடுத்தேன். போதுமா? வாங்க, வீட்டுக்குப் போவலாம்."

என் தோளைத் தொட்டான்.

அவன் பொய் சொன்னான் சார். என் முகத்துக்கு நேராக, என் விளையில் நின்றுகொண்டு பொய் சொன்னான். அத்தனை மாதத்தில் அவன் செய்த ஒரே தப்பு அதுதான். அதையும் எனக்காகச் செய்கிற மாதிரிச் செய்தான்.

மம்பட்டி ஆட்டுக்கூட்டில் சாய்ந்திருந்தது. முதல் அடி பின்பக்கத்தால்தான் அடித்தேன். காதுக்கு மேலே பட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான். "அண்ணா" என்று ஒருமுறை சொன்னான். இரண்டாவது அடிக்குச் சாய்ந்தான். அதன்பிறகு தவழ்ந்து மரத்துக்கு முன்னால் போய், நிமிர்ந்து கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினான். வீட்டில் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பான். அந்தக் கையை வெட்டினேன். இது மம்பட்டியின் வாய்ப்பக்கம். மூன்று விரல் தனியாக விழுந்தது. பிறகு கழுத்தில். மம்பட்டி அதற்கு ஏற்ற கருவி இல்லை. ஒரே வெட்டில் முடியாது. மண்ணை வெட்டுகிற மாதிரிக் காலை அகட்டி நின்றுகொண்டால்தான் வேகம் கிடைக்கிறது. உயிர் போனபிறகும் முகத்தில் அந்த இரக்கம் இருந்தது. அதனால் முகத்தை விட்டுவைக்க முடியவில்லை.

ரீத்தா டிவியில் பார்த்திருக்கிறாள். காய்ச்சலோடு நடுமுறியில், டிவி இருக்கிற அறையில், படுத்துக் கிடந்தவள், நான் அணைக்க மறந்துபோன டிவியில் முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருக்கிறாள். சத்தமில்லாமல். மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தவள் பாதி வழியில் விழுந்து, எழும்பி, வந்து நின்றாள். கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைக் கிழித்து அவன் முகம் இருந்த இடத்தை மூடினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ராஜபாய் அக்கா, ராஜபாய் அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். உங்களுக்குப் போன் செய்ததும் அவள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. மனைவி என்றாலும் கண்டதைச் சொல்லத்தான் வேண்டும்.

பதிவுப் பெட்டியை நானே கழற்றி உங்கள் ஆட்களிடம் கொடுத்தேன். எதையும் அழிக்கவில்லை. அழிக்க எனக்குத் தெரியும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராஜபாய் இங்கே வந்தபோது கம்பிக்கு வெளியே நின்று என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "எனக்க ஆளு என்ன செய்தாரு?" கத்தவில்லை. அதையே மூன்று நாலு தடவை கேட்டாள். ஏட்டம்மா அவளைக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார். பெபிஷாவும் கூட வந்திருந்தாள். அவள் ராஜபாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெஞ்சிலேயே இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் கூப்பிட்டேன். கேட்டிருக்காது.

இன்று காலையில் நீங்கள் சொன்னீர்கள், குலை வெட்டுகிற கூட்டம் பிடிபட்டுவிட்டது என்று. லோடு ஆட்டோவில் வந்து ஞாயிறுதோறும் வீட்டுக்காரர் இல்லாத விளைகளில் வெட்டி, வடசேரிச் சந்தையில் விற்றிருக்கிறார்கள். என் விளையையும் தாணுலிங்கத்தின் விளையையும் அவர்களே அடையாளம் காட்டிவிட்டார்கள். ஓடைப்பக்க மூலையில் ஆட்டோ நிறுத்த வசதி என்பதால் அங்கே வெட்டினார்களாம். ரசலையனை அவர்களுக்குத் தெரியாது. நான் அதை மறுக்கவில்லை. குலையை அவர்கள்தான் எடுத்திருப்பார்கள்.

கொன்றது நான்தான். அதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மனுஷனை அத்தனை மாதம் இமை கொட்டாமல் பார்த்திருக்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை என்றால் அது என் கண்ணின் குறைதான். அந்தப் பெட்டியில் இருப்பதை முதலிலிருந்து பொறுமையாக இன்னொருமுறை ஓட்டிப் பாருங்கள் சார். எங்கேயாவது அவன் ஏதாவது செய்திருப்பான்.